பலாலியில ஏடிஆர் ஓட்டவும் கலியாண வீடியோ வெட்டவும் ஒரே லப்டொப்: எதை வேண்டுறது?

கோண்டாவில்_ஏடிஆர்:

வணக்கம். நான் யாழ்ப்பாணம், கோண்டாவில். தொழில் கலியாணவீடு, சாமத்தியவீடு, கோயில் திருவிழா எண்டு வீடியோ எடுக்கிறது. கமராவும் நான்தான், வெட்டி ஒட்டுறதும் நான்தான், முடிஞ்சதைப் பென்ரைவில போட்டு வீட்டை கொண்டுபோய்க் குடுத்து மிச்சக் காசுக்கு வாசலில நிக்கிறதும் நான்தான். இரவு பத்து மணிக்குப் பிறகு மட்டும் பைலட்.

சிரிக்காதேங்கோ. 2019 ஒக்ரோபரில பலாலி விமான நிலையத்தைத் திறந்து, அடுத்த மாதம் சென்னையிலயிருந்து ஏடிஆர் 72 எண்ட விமானம் வரத் தொடங்கினதோட பிடிச்ச விசர் இது. 2020 ஓகஸ்டில கொம்பியூட்டரில விமானம் ஓட்டுற மைக்ரோசொஃப்ற் ஃப்ளைட் சிமுலேற்றர் வந்திச்சுது. 2023இல அதுக்கு ஏடிஆர் 72-600உம் விட்டாங்கள். பலாலியில கிளம்பி நேர வடக்கால போனால் சென்னை கிட்டத்தட்ட 350 கிலோமீற்றர். மனிசி நித்திரை, பிள்ளை நித்திரை, நான் கடலுக்கு மேல.

இப்ப கையில இருக்கிறது 2020 தொடக்கத்தில, டொலர் 180 சொச்சம் நிண்ட காலத்தில வேண்டினது. ஐ5 9300எச் புரொசசர், ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ் காட் நாலு ஜிபி, 8 ஜிபி றாமோட வந்ததுக்கு நான் இன்னொரு 8 போட்டு 16 ஆக்கினனான். எல்லாத்தையும் ஆகக் குறைச்சு வைச்சாலும் ஏடிஆர் கொக்பிற்றுக்குள்ள போனால் செக்கனுக்கு 15 ஃபிறேம். பண்ணைப் பாலத்துக்கு மேலால திரும்பேக்க ஃபான் போடுற சத்தத்தில எஞ்சின் சத்தமே கேக்காது. 2024 நவம்பரில வந்த புதுச் சிமுலேற்றரை இதில நினைச்சும் பாக்கேலாது.

அதை விடுங்கோ, விளையாட்டுத்தானே. சோத்துப் பிரச்சினை வேற. போன வருசம் கையால மாறின சோனி ஏ7 மார்க் 4 ஒண்டு எடுத்தனான். பழைய கமராவின்ர ஃபைல் பிறீமியர் எண்ட வெட்டுற மென்பொருளில வெண்ணெய் மாதிரி ஓடும். இதின்ர 4கே ஃபைலைப் போட்டால் தாலி கட்டுற இடத்தில ஐயரும் மாப்பிளையும் சிலை மாதிரி நிக்கினம், மேளம் மட்டும் கேக்குது.

மூண்டாவது, திரை. போன ஆவணியில ஒரு கலியாணம். கூறைச்சேலை என்ர திரையில வெளிறித் தெரிஞ்சுது. நானும் சிவப்பைக் கூட்டி, முகத்துக்குக் கொஞ்சம் சூடு குடுத்து அனுப்பிவிட்டன். மாப்பிளையின்ர தேப்பன் பெரிய ரீவியில போட்டுப் பாத்திட்டு போன் எடுக்கிறார்: "தம்பி, மண்டபத்தில வந்த சனம் முழுக்க மஞ்சள் காமாலையோ?" திருப்பிச் செய்து குடுத்தனான், காசு கேக்க வாய் வரேல்லை.

கையில நாலரை லட்சம். மனிசிக்குத் தெரியாமல் இன்னும் ஒரு முப்பதாயிரம். கடை ஏறி இறங்கினதில மூண்டு தெரிவு வந்திருக்கு. ஸ்ரான்லி வீதியில ஒண்டு, றைசன் 7, ஆர்டிஎக்ஸ் 4060, மெல்லிசு, வடிவு. அதே வீதியில இன்னொண்டு, ஐ7 14650எச்எக்ஸ், ஆர்டிஎக்ஸ் 5060, செங்கல் மாதிரிக் கனம். கொழும்பில பம்பலப்பிட்டி யுனிற்றி பிளாசாவில தெரிஞ்ச பொடியன் ஒருத்தன் சொல்லுறான், 4070 போட்டது ஒண்டு பட்ஜெட்டுக்குக் கொஞ்சம் மேல கிடக்காம், 70 எண்டால் 60ஐ விடப் பெரிசுதானே எண்டு. எல்லாக் கடையிலும் கிராபிக்ஸ் காட்டின்ர பேரைத்தான் சொல்லினம். வேற ஒண்டும் கேட்டால் முழுசினம்.

எதை எடுக்க?

மேசையே_தஞ்சம்:

லப்டொப்பே வேண்டாம். நாலரை லட்சத்துக்கு டெஸ்க்ரொப் அடிச்சால் உங்கட ஏடிஆர் பறக்கிறதில்லை, பாயும். ஒரே பேர் போட்டிருந்தாலும் லப்டொப்பில வாற காட் டெஸ்க்ரொப் காட்டின்ர தம்பிதான், பவர் குறைவு. பழுதானால் ஒரு சாமானை மட்டும் மாத்தலாம். லப்டொப்பில போட் போனால் எல்லாம் போச்சு. நான் 2017இல அடிச்ச பெட்டியில இண்டைக்கும் பவர் சப்ளையும் கேசும் அதேதான்.

கோண்டாவில்_ஏடிஆர்:

அண்ணை, நீங்கள் சொல்லுறது முழுக்கச் சரி. ஆனால் இப்ப எல்லாரும் கேக்கிறது காலமை தாலி, பின்னேரம் ரிசெப்சனில அதே கலியாணத்தின்ர நாலு நிமிசப் படம். மண்டபத்தின்ர சமையல்கட்டுக்குப் பக்கத்தில, வாழையிலைக் கட்டுக்கு மேல லப்டொப்பை வைச்சு வெட்டுறனான். டெஸ்க்ரொப்பை எங்க கொண்டு திரியிறது? அதோட கரண்ட். 2022 பங்குனிக் கடைசியில நாளுக்கு 13 மணித்தியாலம் வெட்டினவங்கள், ஞாபகம் இருக்கோ? அந்தக் காலத்தில பற்றரியிலதான் ரெண்டு கலியாணம் முடிச்சுக் குடுத்தனான்.

சுன்னாகம்_வெட்டுக்காரன்:

தம்பி, நானும் உம்மட தொழில்தான், உம்மை விடப் பத்துப் பன்னிரண்டு வருசம் முந்தி. விஎச்எஸ் கசற்றில தொடங்கினனான். கேள்வியைத் தலைகீழாய்க் கேட்டிருக்கிறீர். எந்தக் காட் எண்டு பேந்து பாப்பம். முதல் உம்மட கமரா என்ன ஃபைல் எழுதுது எண்டு பாரும்.

ஏ7 மார்க் 4இல நீர் 10 பிற் 4:2:2 வைச்சுத்தான் எடுப்பீர், இல்லாட்டி அந்தக் கமராவை எடுத்ததில அர்த்தமில்லை. பழைய கமரா 4:2:0. அதில நாலு புள்ளிக்கு ஒரு நிறம்தான் எழுதி வைக்கும். 4:2:2இல ரெண்டு புள்ளிக்கு ஒரு நிறம். கூறைச்சேலையின்ர சரிகைக்கு அது நல்லம். ஆனால் அந்த ஃபைலைத் திறக்கிற வேலைக்கெண்டு காட்டுக்குள்ள தனிய ஒரு பகுதி இருக்கு. ஆர்டிஎக்ஸ் 30, 40 வரிசையில அந்தப் பகுதிக்கு 4:2:2 தெரியாது. 4090 எண்டாலும் தெரியாது. தெரியாட்டி வேலை முழுக்க புரொசசரின்ர தலையில விழும். உம்மட ஐயர் சிலையாய் நிக்கிற காரணம் அதுதான். றாமைக் கூட்டினாலும் அசையமாட்டார்.

இன்ரெல் சிப்புக்குள்ள இருக்கிற சின்னக் கிராபிக்ஸ் 11ஆம் தலைமுறையில இருந்து எச்.265 எண்ட சுருக்க முறையில எழுதின 4:2:2ஐத் திறக்கும். அப்ப இன்ரெல் வேண்டினால் சரி எண்டு கன பேர் எழுதியிருப்பினம். அதுக்குள்ளதான் ஒரு குழி. நாங்கள் 25 ஃபிறேம்காரர். உம்மட கமராவில எச்.265 வேணுமெண்டால் எக்ஸ்ஏவிசி எச்எஸ் எண்ட பதிவு முறையைப் போடவேணும், எங்கட 25, 50 ஃபிறேம் பால் (PAL) முறையில 4கேக்கு அது 50 ஃபிறேம் மட்டும்தான் தரும். 50 போட்டால் படம் சுத்திவர வெட்டுப்பட்டு கிட்ட வந்திடும். சின்ன மண்டபத்தில பின்னால சுவர், முன்னால மணவறை, எங்க தள்ளி நிக்கிறது? 25இல முழுப் படம் வேணுமெண்டால் எக்ஸ்ஏவிசி எஸ், அது எச்.264 எண்ட சுருக்க முறை. எச்.264இன்ர 4:2:2ஐ இப்ப கடையில கிடக்கிற அனேக இன்ரெல் சிப்பும் திறக்காது. றைசன் எண்டால் ரெண்டையும் திறக்காது.

இது எனக்கு எப்பிடித் தெரியும் எண்டால், 2023இல நல்ல இன்ரெல் மெசின் ஒண்டு, 4060 போட்டது, வேண்டிக்கொண்டு வந்து, வீட்டை வைச்சுத் திறந்து, தலையில கையை வைச்சுக்கொண்டிருந்தவன் நான். பேந்து புரொக்சி செய்து சமாளிச்சனான். அதாவது, இரவு படுக்கப் போகேக்க எல்லா ஃபைலுக்கும் 720இல சின்னப் பிரதி அடிக்க விட்டிட்டு, காலமை பிரதியில வெட்டி, வெளியில எடுக்கேக்க உண்மை ஃபைலில எடுக்கிறது. பிறீமியரில அதுக்கு வழி இருக்கு. மாதம் நாலு கலியாணம் எண்டால் போதும், புது லப்டொப்பே தேவையில்லை எண்டுகூடச் சொல்லுவன். ஆனால் அண்டைக்கே வெட்டி அண்டைக்கே போடுற வேலைக்குப் பிரதி அடிக்க எங்க நேரம்?

ஆர்டிஎக்ஸ் 50 வரிசையிலதான், காட் செய்யிற என்விடியாக் கொம்பனி எச்.264, எச்.265 ரெண்டிலயும் 4:2:2ஐத் திறக்கிற பகுதியைக் காட்டுக்குள்ளயே வைச்சிருக்கு. ஆனபடியால் உம்மட மூண்டு தெரிவில ரெண்டு இந்த இடத்திலயே விழுந்திட்டுது. பிறீமியரை மட்டும் புதுசாக்கி வைச்சிரும், பழைய பதிப்புக்கு அது தெரியாது.

யுனிற்றி பிளாசா 4070 கதைக்கும் ஒரு வார்த்தை. லப்டொப் 4070இலயும் விராம், அதாவது காட்டின்ர சொந்த மெமரி, 8 ஜிபிதான், 4060இலயும் 8 ஜிபிதான், 5060இலயும் அதேதான். புதுச் சிமுலேற்றர் தானே பரிந்துரைக்கிறது 8 ஜிபி விராமும் 32 ஜிபி றாமும். அப்ப 70 எண்ட பேருக்கு மேலதிகமாய்க் குடுக்கிற காசு அந்த இடத்தில உதவாது. 12 ஜிபி வேணுமெண்டால் 5070 டிஐக்குப் போகவேணும், அது உம்மட மனிசிக்குத் தெரியாமல் செய்யிற காரியமில்லை.

இனி வாட். கடைக்காரர் சொல்லாத கதை இதுதான். 4060 எண்டு ஒரே பேர், ஆனால் லப்டொப் செய்யிற கொம்பனி அதுக்கு 35 வாட்டும் குடுக்கலாம், 115 வாட்டும் குடுக்கலாம். மெல்லிசாய், வடிவாய் இருக்கிறதுகள் அனேகமாய்க் குறைச்சுத்தான் குடுக்கும், சூட்டை வெளியில தள்ள இடமில்லை. 5060 எண்டால் 45இல இருந்து 100 வரை. கடையிலயே பாக்கலாம்: என்விடியா கன்ட்ரோல் பனலில சிஸ்ரம் இன்ஃபர்மேசனை அமத்தினால் அதிகபட்ச கிராபிக்ஸ் பவர் எண்டு ஒரு வரி வரும். பெட்டி உடைக்கேலாது எண்டு சொன்னால் காட்சிக்கு வைச்சிருக்கிறதில பாரும். அதையும் விடமாட்டன் எண்டால் அடுத்த கடை.

சிமுலேற்றருக்குக் காட்டை விடப் புரொசசர்தான் கூட முறியும், அதிலயும் ஒரே ஒரு கோர். டெவலப்பர் மோட்டைத் திறந்து ஃபிறேம் கணக்கைப் போட்டுப் பாரும், பெரிய எயார்போட்டுக்குக் கிட்டப் போகேக்க "மெயின்திறெட்", அதாவது அந்த ஒரு கோரின்ர வேலை, தடுக்குது எண்டு காட்டும். எச்எக்ஸ் சிப் அதுக்கு நல்லம். 60 ஃபிறேம் எண்டு துடிக்காதேயும். ஏடிஆரில 30 நிலையாய் நிண்டால் கை கால் ஒண்டும் நடுங்காது. சின்னப் படத்தைக் கீறிப் பெரிசாக்கிக் காட்டுற டிஎல்எஸ்எஸ்ஐக் கூட்டி வைச்சால் கொக்பிற் திரையில இருக்கிற இலக்கங்கள் இழுபட்டுத் தெரியும், அதைக் குவாலிற்றியில விடும்.

றாம் ஒரு கட்டையா ரெண்டு கட்டையா எண்டு பாரும். ராஸ்க் மனேஜரில மெமரியை அமத்தினால் எத்தினை இடத்தில எத்தினை பாவிச்சிருக்கு எண்டு போட்டிருக்கும். ஒரு கட்டை எண்டால் பாதைக்கு ஒரு லேன் மாதிரி, கூடாது. ஆனால் பேந்து ரெண்டாவதைப் போடலாம். போட்டோட ஒட்டி வைச்சதெண்டால் ஒண்டும் செய்யேலாது.

திரைக்கு ஒரு சோதனை. உம்மட போனில அந்தக் கூறைச்சேலைப் படத்தை வைச்சிரும். அதையே லப்டொப்புக்கு ஏத்தி, ரெண்டையும் பக்கத்தில பக்கத்தில பிடியும். சேலை செங்கட்டி நிறத்துக்குப் போனால் அது 45 சதவீத என்ரிஎஸ்சி எண்ட நிறம் குறைஞ்ச திரை, வைச்சிட்டு வாரும். எஸ்ஆர்ஜிபி எண்ட நிற அளவு 100 சதவீதம் எண்டு விபரத்தில எழுதியிருக்கவேணும். உம்மட காமாலைக் கலியாணத்துக்கு உம்மில பிழையில்லை தம்பி, திரையில.

சூடு பற்றி உமக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஓட்டு வீடெண்டால் பரவாயில்லை, மேல்மாடிக் கொங்கிறீற் அறையெண்டால் சித்திரையில பத்து மணிக்குப் பிறகும் சுவர் சுடும். பின்பக்கத்துக்கு ரெண்டு சோடா மூடி வைச்சால் காணும், ஃபான் பூட்டின தட்டு எண்டு ஆறாயிரம் செலவழிக்காதேயும். எங்கட செம்மண் தூசு கேசுக்குள்ள போனால் ஃபான் இறக்கையில களிமண் பூசின மாதிரிப் படியும். வருசத்தில ரெண்டு தரம் திறந்து தூரிகையால தட்டும்.

லாச்சப்பல்_மருமகன்:

குறுக்க வாறதுக்கு மன்னிக்கோணும். வெளிநாட்டில இருக்கிற சொந்தத்திட்டச் சொல்லி எடுப்பிக்கலாமோ எண்டு ஆரும் யோசிச்சால், நான் பட்டதைச் சொல்லுறன். இணுவிலில இருக்கிற மாமாவுக்கு இங்க பாரிசில நல்ல விலைக்கு ஒண்டு எடுத்து, போகேக்க கொண்டுபோனனான். கரண்ட் பிரச்சினை இல்லை, அடப்ரர் 100 தொடக்கம் 240 வோல்ற் வரை எடுக்கும், முனையை மாத்தினால் சரி.

கீபோட்டை மறந்துபோனன். பிரெஞ்சுக் கீபோட்டில ஏ இருக்கிற இடத்தில கியூ, இசட் இருக்கிற இடத்தில டபிள்யூ, எம் வேற எங்கயோ. மாமா படத்துக்குத் தலைப்பு அடிக்கிறது பாமினி எழுத்துருவில. மணமகள் பேர் அடிக்கப் போய் ஆளுக்கு விசர் வந்திட்டுது. விண்டோசில இங்கிலிஸ் கீபோட்டாய் மாத்தலாம், மாத்திக் குடுத்தனான், ஆனால் கட்டையில எழுதியிருக்கிறது ஒண்டு, திரையில வாறது ஒண்டு. பிறீமியரில இடது கையால அடிக்கடி தட்டுற கியூவும் டபிள்யூவும் அதுக்குள்ளதான். கடைசியில ஸ்ரிக்கர் வேண்டி ஒட்டினவர், வேர்வையில அது கழண்டு விரலோட வருகுதாம்.

வறன்ரி அங்க செல்லுமோ எண்டு எடுக்க முந்திக் கேளுங்கோ. என்ரதுக்குச் செல்லேல்லை.

கோண்டாவில்_ஏடிஆர்:

வெட்டுக்காரன் அண்ணை, நேற்று ஸ்ரான்லி வீதிக்கு போனில உங்கட பதிவைத் திறந்து வைச்சுக்கொண்டு போனனான். கமராவின்ர மெமரிக் காட்டும் கையோட.

மெல்லிசு 4060: பவர் 75 வாட். றாம் போட்டோட ஒட்டினது. சேலை செங்கட்டி. கடைப் பொடியன் போனையும் திரையையும் மாறி மாறிப் பாத்திட்டு, "அண்ணை, போன் திரைதான் பிழையாய் இருக்கும்" எண்டான். வெளியில வந்திட்டன்.

செங்கல் 5060: பவர் 115 வாட் காட்டிச்சுது. நீங்கள் 100 எண்டனீங்கள், மேல 15 நேரத்துக்கேத்த மாதிரிக் கூட்டுமாம். திரை எஸ்ஆர்ஜிபி 100, சேலை சேலையாய் இருந்திச்சுது. றாம் 16, ஒரு கட்டை, ஒரு இடம் காலி. இன்னொரு 16 போட்டுத் தாறதெண்டு பேசி 472,000க்கு முடிச்சனான். என்ர மெமரிக் காட்டைப் போட்டு, பிறீமியர் சோதனைப் பதிப்பை இறக்கி, அந்த 25 ஃபிறேம் எச்.264 ஃபைலையே ஓட்டிப் பாத்தனான். ஐயர் நடந்தார். கடைக்காரருக்கு நான் ஏன் சிரிக்கிறன் எண்டு விளங்கேல்லை.

கனம் கனம்தான். சார்ஜரோட தூக்கினால் தோள்மூட்டு இறங்குது. வாழையிலைக் கட்டு தாங்குமோ தெரியாது.

இரவு பலாலியில கிளம்பினன். காங்கேசன்துறைக் கரையைக் கடக்கேக்க 40 ஃபிறேம், சத்தம் இல்லை, இலக்கமெல்லாம் துப்பரவு. சென்னைக்குக் கிட்ட இறக்கத் தொடங்க, நீங்கள் சொன்ன மெயின்திறெட் வந்து 28க்கு இறங்கிச்சுது, அது பரவாயில்லை. ஓடுபாதை தெரியுது. சில்லை இறக்கிறன். கரண்ட் போட்டுது.

லப்டொப் நிக்கேல்லை. பற்றரிக்கு மாறினதும் காட் பவரைக் குறைச்சு 15 ஃபிறேமுக்கு வந்திட்டுது, பழைய ஞாபகம். ஆனால் றவுற்றர் செத்துப்போச்சு. இந்தப் புதுச் சிமுலேற்றர் நிலப்படத்தை இன்ரநெற்றிலயிருந்து இழுத்து இழுத்துத்தானே போடுது. சென்னை நகரம் கண்ணுக்கு முன்னால கரைஞ்சு, ஈரக் களிமண் மாதிரி ஆகி, அதுக்கு மேலதான் இறக்கினன்.

றவுற்றருக்கு யூபிஎஸ் ஏதும் பாவிக்கிற ஆக்கள் இருக்கிறீங்களோ?

சுன்னாகம்_வெட்டுக்காரன்:

பெரிய யூபிஎஸ் வேண்டாம். றவுற்றரின்ர அடப்ரரில 12 வோல்ற் எண்டு போட்டிருக்கோ பாரும். இருந்தால் உள்ளங்கை அளவில 12 வோல்ற் மினி யூபிஎஸ் விக்கிறாங்கள். ஃபைபர் எண்டால் சுவரில இருக்கிற பெட்டியும் றவுற்றரும் தனித்தனியோ எண்டு பாரும், தனி எண்டால் ரெண்டுக்கும் வேணும். அம்பியர் ரெண்டையும் கூட்டிப் பாத்து எடும். அதோட, சிமுலேற்றரில றோலிங் கஷ் எண்டு ஒண்டு இருக்கு, அதைக் கொஞ்சம் பெரிசாய் வைச்சால் ஒருக்கால் போன பாதை டிஸ்கில நிக்கும். உமக்கு எப்பவும் ஒரே பாதைதானே.